கருவி அறிந்து அளவு அறிக

எமது கல்லூரி விழாக் காணும் இந்நன்னாளில், பழைய மாணவர் பலர் தத்தம் காலத்து ஆசிரியப் பெருந்தகைகளையும், விளையாட்டுத் திடலையும், சரசுவதி பூசை நாட்களையும் நினைந்து எழுதுவர். அஃது அவர்தம் உரிமையும் கடமையும் ஆகும். நாமோ இம்மலரின் சில பக்கங்களை வேறொரு பொருளுக்கெனக் கேட்டுப் பெற்றுள்ளோம். ஒலியினும் விரைந்து பாயும் காற்றின் அமுக்கத்தைக் குழாய் கொண்டு அளப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். ருவான்வெல்லைத் தோட்டப் பகுதியிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒலியை விஞ்சிய காற்றுக்கும் யாது தொடர்பு என நண்பர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டு. அக்காற்றை அளக்கப் புகுந்த அறிஞர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று, எமது வகுப்பறைகளில் இன்றும் கற்பிக்கப்படாத பாடமாக இருக்கின்றது. அதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எம்மவர் வழக்கு. அடுப்பங்கரையில் அது முற்றிலும் உண்மை. அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பதனால் பானையிலுள்ள சோறு மாறுபடுவதில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதும், வணிகர் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்ப்பதும் இந்நம்பிக்கையின் மேலனவே. சோதிப்பவனுடைய கை, சோதிக்கப்படும் பொருளை மாற்றிவிடாது என்பதே அந்நம்பிக்கை. ஆயின் இந்நம்பிக்கை பொய்த்துப்போகும் இடங்களும் உலகில் உள. அவற்றுள் மிகத் தெளிவானது ஒலியை விஞ்சிய காற்றோட்டம்.

முதற்கண் அமுக்கம் என்னும் சொல்லை நோக்குவோம். நாம் அமுக்கம் என வழங்குவதைத் தமிழ்நாட்டார் அழுத்தம் என வழங்குவர். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஓரலகுப் பரப்பின்மீது காற்றோ நீரோ செலுத்தும் விசையின் அளவே அமுக்கமாகும். காற்றுக்கு எடை உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி, இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைத் தலைகீழாய் நிறுத்திக் காட்டி, 1644 இல் எழுதிய கடிதமொன்றில் விளக்கினார். கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீற்றர்ப் பரப்பின்மீதும் ஏறத்தாழப் 10 தொன் எடையுள்ள காற்று நிற்கின்றது. நாம் அதனை உணர்வதில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் அது சமமாய் அமுக்குகின்றமையே காரணம்.

நிற்கும் காற்றை அளக்கத் தொரிசெல்லியின் குழாய் போதும். ஓடுவதை அளத்தல் வேறு. அதற்கு வழி கண்டவர் ஆன்றி பிற்றோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். 1732 ஆம் ஆண்டு பாரிசு நகரின் சேன் ஆற்றிலே அவர் இரண்டு குழாய்களை இறக்கினார். ஒன்று நேரானது. மற்றதன் அடிமுனை வளைந்து நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்றது. நேர்க்குழாயில் நீர் ஆற்றின் மட்டத்தளவிலேயே நின்றது. வளைந்த குழாயில் அதனினும் உயர்ந்தது. அவ்வுயரத்திலிருந்து ஆற்றின் வேகத்தைக் கணக்கிட்டார். ஆறு ஆழம் செல்லச் செல்ல விரைந்தோடும் என அக்காலத்தார் பலர் எண்ணியிருந்தனர். பிற்றோவின் குழாயோ அடியில் வேகம் குறைவதையே காட்டிற்று. இரண்டு குழாய்கள் ஒரு பழங்கொள்கையை வீழ்த்தின.

இச்சோதனைக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. களனி கங்கையும் அதனை வந்தடையும் ஓயாக்களும் எம்மைச் சூழ்ந்து ஓடுகின்றன. மழை குறைந்த மாசி மாதத்தில், முழங்காலளவு நீர் ஓடும் ஓரிடத்தில், மாணவர் சிலருடன் நாமும் இதனைச் செய்து பார்த்ததுண்டு. தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் இரண்டு, ஒரு பலகை, ஒரு அடிமட்டம் ஆகியவையே கருவிகள். இரு குழாய்களின் நீர்மட்டங்களுக்கிடையே சுமார் 3 சென்ரிமீற்றர் வேறுபாடு தோன்றிற்று. கணக்கிட்டால் வேகம் விநாடிக்கு முக்கால் மீற்றருக்குச் சற்று மேலாகும். பின்னர் ஓர் இலையை மிதக்கவிட்டு, 10 மீற்றர் தூரத்தை அது கடக்கும் நேரத்தைப் பார்த்தோம். 13 விநாடி ஆயிற்று. இரண்டு வழியும் ஒரே விடையைத் தந்தன. மாணவர் மகிழ்ந்தனர்.

அப்போது இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தாயொருத்தியின் மகள் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. “ஐயா, குழாயை நட்டவுடனே தண்ணீர் அதைச் சுற்றி விலகி ஓடுகிறதே. அப்படியென்றால் நாங்கள் அளந்தது ஆற்றையா, அல்லது குழாய் தடுத்த ஆற்றையா?” என்றாள் அம்மாணவி. பாடநூலில் இவ்வினா இல்லை. ஆயினும் பாடநூலிலுள்ள வினாக்கள் அனைத்தினும் இது மேலானது.

அவ்வினாவுக்கு விடை இது. மெல்ல ஓடும் நீரும் காற்றும் தம் வழியில் ஒரு தடை இருப்பதை முன்னரே அறிந்துகொள்ளுகின்றன. குழாயின் வாயில் தோன்றும் அமுக்க மாற்றம், சிற்றலையாக எதிர்த்திசையிற் சென்று, வரும் ஓட்டத்துக்குச் செய்தி கூறுகின்றது. செய்தி பெற்ற ஓட்டம் பையவே விலகிச் செல்கின்றது. குழாயின் வாயில் நேரே வந்து முட்டும் பகுதி மட்டும் படிப்படியாக வேகம் குறைந்து தேங்கி நிற்கின்றது. அவ்விடத்தில் வேகம் முழுவதும் அமுக்கமாக மாறுகின்றது. இடையில் வீணாவது ஒன்றுமில்லை எனலாம். அதனைத் தேக்க அமுக்கம் என்போம். ஓட்டத்துக்கு இணங்க அதன் பக்கவாட்டில் உணரப்படுவதை நிலை அமுக்கம் என்போம். இவ்விரண்டின் வேறுபாடே வேகத்தைச் சொல்லும். எனவே மெல்லோட்டத்தில் குழாய் ஆற்றைத் தடுத்தாலும் ஆற்றைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

காற்றிலும் இதுவே முறை. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று, பிற்றோவின் குழாயோடு இணைந்த நீர்மட்டத்தை 6 மில்லிமீற்றர் அளவே உயர்த்தும். வேகம் பத்து மடங்கானால் உயர்வு நூறு மடங்காகும். 60 சென்ரிமீற்றரையும் தாண்டும். ஆகாயவிமானங்கள் யாவும் இத்தகைய குழாயைத் தாங்கியே பறக்கின்றன. விமானியின் முன்னுள்ள வேகமானி உண்மையில் ஓர் அமுக்கமானியே.

இனி ஒலியின் வேகத்துக்கு வருவோம். கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பநிலையில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஒலி என்பது காற்றிலே செல்லும் சிறு அமுக்க மாற்றமே. ஆதலின், முன்னர்க் கூறிய செய்தியைக் காற்றிலே கொண்டுசெல்லும் தூதனும் ஒலியே. காற்றோ ஒலியினும் விரைந்து வருமாயின் தூதன் எதிர்சென்று செய்தி கூறுதல் இயலாது. தடை உண்டென்பதை அறியாமலே காற்று வந்து மோதுகின்றது. மோதலின் விளைவாகத் தடையின் முன்னே ஒரு மெல்லிய திரை உண்டாகின்றது. அதனைக் கடக்கும் கணத்தில் காற்றின் அமுக்கமும், அடர்த்தியும், வெப்பநிலையும் சடுதியாக உயர்கின்றன. வேகம் சடுதியாகக் குறைகின்றது. இத்திரையே அதிர்ச்சியலை. சாதாரணக் காற்றில் அதன் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னே இவ்வலை நிற்பதை எர்ணஸ்ட் மாக், பீற்றர் சால்க்கர் என்னும் அறிஞர் இருவரும் 1887 இல் நிழற்படங்களாக வெளியிட்டனர். வேகம் ஒலியின் எத்தனை மடங்கு என்பதை மாக் எண் என்று அவர் பெயராலேயே வழங்குகின்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மீயொலி என்னும் சொல்லைச் செவிக்கெட்டாத ஒலிக்கு வைத்திருப்பதால், மயக்கம் நேராதிருக்க இங்கே ஒலிவிஞ்சிய ஓட்டம் என எழுதுகின்றோம்.

இப்பொழுது அம்மாணவியின் வினா முழு வலிமையோடு திரும்பி வருகின்றது. ஒலிவிஞ்சிய ஓட்டத்தில் பிற்றோவின் குழாயை நீட்டினால், அக்குழாயே தன் முன்னே ஓர் அதிர்ச்சியலையைத் தோற்றுவிக்கும். குழாயின் வாயை அடைவது முன்னிருந்த காற்றன்று. குழாய் உண்டாக்கிய அலையால் அடிபட்ட காற்று. அவ்வலையைக் கடக்கையில் தேக்க அமுக்கத்தின் ஒரு பகுதி மீளப்பெற முடியாதவாறு அழிந்துபோகின்றது. மாக் எண் 2 ஆயின், நிலை அமுக்கத்தைப்போல் 7.82 மடங்காக இருக்கவேண்டிய தேக்க அமுக்கத்தைக் குழாய் 5.64 மடங்காகவே காட்டும். நூற்றுக்கு 28 பங்கு போயிற்று. மாக் எண் 3 ஆயின் இழப்பு மூன்றில் இரு பங்கு.

இதனை அறியாதவன் என் செய்வான்? மெல்லோட்டத்துக்குரிய சூத்திரத்தையே, காற்றின் சுருக்கத்தையும் சேர்த்துக் கவனமாகப் பயன்படுத்தினாலும், மாக் எண் 2 உள்ள ஓட்டத்தை 1.79 என்பான், 3 உள்ளதை 2.3 அளவில் கூறுவான். கருவி பழுதற்றது, கணக்கும் பிழையற்றது, விடையோ பொய். இன்னுமொரு வஞ்சனையும் இங்குளது. மாக் எண் 1.2 வரையில் இவ்விழப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஆதலின் தொடக்கத்தில் பழைய சூத்திரம் சரியெனவே தோன்றும். நம்பிக்கை வளர்ந்தபின்னரே அது கைவிடும்.

அறிஞர் இதற்காகக் குழாயை எறிந்துவிட்டனரா? இல்லை. இங்கிலாந்தின் இறேலிப் பிரபு 1910 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, குழாயின் முன் நிற்கும் அலையால் எவ்வளவு இழப்பு நேரும் என்பதைக் கணித்துக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது. கருவி செய்யும் குழப்பத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதன் அளவைத் திருத்தமாக அறிந்து, உண்மையை மீட்டெடுப்பதே அவர் காட்டிய வழி. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. காற்றுச்சுரங்கத்தில், ஓட்டம் தொடங்குமுன் காற்று அடங்கியிருக்கும் அறையின் அமுக்கம் எமக்குத் தெரியும். அதனோடு குழாய் காட்டும் அமுக்கத்தை ஒப்பிட்டால் இழப்பு இவ்வளவு என்பது புலனாகும். அவ்விழப்பிலிருந்தே மாக் எண்ணைக் கண்டுவிடலாம். தடையாயிருந்ததே அளவுகோலாகிவிட்டது.

ஆயின் வானிற் பறக்கும் விமானத்துக்கு அத்தகைய அறை இல்லை. அங்கே நிலை அமுக்கத்தையும் தனியே அளத்தல் வேண்டும். அதுவே பெரும்பாடு. அதற்குரிய ஆய்குழாய் ஊசிபோல் மெலிந்து கூர்மையாயிருத்தல் வேண்டும். அப்போதுதான் அதன் முனையில் எழும் அலை வலுவற்றதாகும். அமுக்கத்தை உணரும் சிறு துளைகளை முனைக்கு அருகே இடலாகாது. குழாயின் விட்டத்தைப்போல் பத்து மடங்கு, அதற்கும் மேற்பட்ட தூரம் பின்னே, குழப்பம் தணிந்த இடத்தில் இடவேண்டும். குழாய் ஓட்டத்துக்குச் சற்றே சரிந்து நின்றாலும் ஒருபக்கத் துளை மிகையாகவும் மறுபக்கத் துளை குறைவாகவும் காட்டும். அதனால் சுற்றிலும் பல துளைகளை இட்டுச் சராசரி காண்பர். துளையின் விளிம்பில் உலோகப் பிசிறு சிறிது எஞ்சியிருந்தாலும் அளவு பிழைக்கும். துளையிலிருந்து மானிவரை செல்லும் குழாய் நீண்டு ஒடுங்கியதாயின் அமுக்கம் வந்துசேரத் தாமதமாகும். சில விநாடியே நிகழும் சோதனையில் பொறுமையற்றவன் பாதி வழியிலிருந்த அமுக்கத்தைப் படித்துவிடுவான்.

1947 ஒற்றோபர் 14 ஆம் நாள், அமெரிக்காவில் சாள்ஸ் யேகர் என்னும் விமானி எக்ஸ்-1 என்னும் விமானத்தில் மட்டப் பறப்பில் முதன்முதலாக ஒலியின் வேகத்தைக் கடந்தார். கடந்த தறுவாயில் மாக்மானியின் முள் தடுமாறிப் பின் அளவையின் எல்லையையே தாண்டிச் சென்றது. ஒலிவேகத்தை அண்மிக்கையில் மானிகள் இவ்வாறு தாவுவது பின்வந்த விமானங்களிலும் காணப்பட்டதே. முன்னே எழும் அதிர்ச்சியலை நிலை அமுக்கத் துளைகளைக் கடந்து பின்செல்லும்பொழுது மானி துள்ளும். வேகம் துள்ளுவதில்லை; அளவே துள்ளுகின்றது. அறிந்தவனுக்கு அத்துள்ளலும் ஒரு செய்தி. அறியாதவனுக்கு அஃது அச்சம்.

இவையெல்லாம் மேனாட்டார்க்கே உரியன என எண்ணற்க. அண்டை நாடாகிய இந்தியாவில், பெங்களூர் விஞ்ஞான நிறுவனத்தில் 1951 இல் சேர்ந்த சதீசு தவான், அந்நாட்டின் முதலாவது ஒலிவிஞ்சிய காற்றுச்சுரங்கத்தை அங்கு அமைத்தார். அது மிகச் சிறியதே. அவர் அமெரிக்காவில் கற்றபோது செய்த ஆராய்ச்சியும் அளத்தலைப் பற்றியதே. காற்று ஒரு பரப்பின்மீது உராயும் விசையைப் பிறவற்றிலிருந்து ஊகித்தறிவதே அதுகாறும் பெருவழக்காயிருக்க, அப்பரப்பின் ஒரு சிறு துண்டைத் தனியே அசையவிட்டு அவ்விசையை நேரே அளந்து காட்டினார். 1959 இல் தோன்றிய தேசிய வானூர்தி ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராயிருந்தவர் நீலகண்டன். அவ்வாய்வுகூடம் 1.2 மீற்றர் அளவுடைய பெரிய காற்றுச்சுரங்கத்தை 1967 இல் பெங்களூரில் இயக்கிற்று. ஒலியிற் குறைந்த வேகத்திலிருந்து மாக் எண் 4 வரை அதிற் சோதிக்கலாம். கொள்கலங்களில் அமுக்கி வைத்த காற்றைத் திறந்துவிட, சோதனை சிறிது நேரமே நிகழும். இத்தகைய சுரங்கத்தில் விமானத்தின் மாதிரியை வைக்குமுன், வெறும் ஓட்டத்தில் பிற்றோக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஓட்டம் எங்கணும் ஒருசீராக உள்ளதா என்று பார்ப்பர். பொருளை அளக்குமுன் அளக்கும் இடத்தையே அளப்பது அவர் வழக்கம். பெங்களூரில் உருவான தேயசு விமானம் 2003 ஆகத்து 1 ஆம் நாள் ஒலியின் வேகத்தைக் கடந்ததென்றால், அதன் பின்னே இத்தகைய பொறுமை அரை நூற்றாண்டு நின்றது.

ஒரு சிறு துளையில் எத்துணை உயிர்கள் தங்கியுள்ளன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்வருவன ஒலியிற் குறைந்த வேகத்திற் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு நேர்ந்தவை. ஆயினும் குழாய் ஒன்றே. 1996 பெப்ரவரி 6 இல் தொமினிக்கன் குடியரசில் விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். பல நாள் மூடியின்றி நின்ற அவ்விமானத்தின் பிற்றோக் குழாயொன்றை அடைத்தது குளவியின் மண்கூடு என்பதே ஆய்ந்தோர் கொண்ட ஐயம். எம் வீட்டுச் சாவித்துவாரத்திலும் சுவர் மூலையிலும் மண் குழைத்துக் கூடு கட்டும் குளவியின் இனமே அது. அவ்வாண்டு ஒற்றோபர் 2 இல் பெரு நாட்டில் மற்றொரு விமானம் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். விமானத்தைக் கழுவுகையில் நிலை அமுக்கத் துளைகளின்மேல் ஒட்டிய நாடாவை நீக்க மறந்தமையே காரணம். 2009 சூன் 1 இல் அத்திலாந்திக் கடலின்மீது பனித்துணுக்குகள் குழாய்களைச் சிறிது நேரமே அடைத்தன. வேகமானி பிறழ்ந்தது, தானியங்கி விலகியது, ஐந்து நிமிடத்துள் விமானம் கடலில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். பொய்யெண்ணைப் பொய்யென இனங்காணுதற்குக் கிடைக்கும் அவகாசம் எத்துணைச் சிறிது என்பதற்கு இவை சான்று.

இனி எம் தோட்டங்களுக்கு வருவோம். கருவியை ஐயுறும் அறிவு எம்மக்களுக்குப் புதியதன்று. இறப்பர்ப் பாலில் எவ்வளவு உலர்ந்த இறப்பர் உண்டென்பதை மெற்றோலக் என்னும் மிதவையால் அளப்பர். பாலில் நுரை நின்றால் அளவு பிழைக்கும். கலந்த நீரின் அளவு மாறினால் பிழைக்கும். வெயில் ஏறினாலும் மாறும். தம் கூலி அம்மிதவையில் தங்கியிருப்பதால், பால்வெட்டும் பெண்கள் அதன் நிலையைக் கூர்ந்து நோக்குவர். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசையும் அவ்வாறே நோக்குவர். ‘எண் எங்கிருந்து வந்தது?’ என்னும் வினா அவர்தம் பிள்ளைகளுக்குப் பாலோடு வந்தது. பள்ளியில் அவ்வினாவை வளர்க்கின்றோமா? அன்றி அடக்குகின்றோமா?

அடக்குகின்றோம் என்றே அஞ்சுகின்றோம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுகின்றோம், பிள்ளைகள் பிரதிசெய்கின்றனர், எண்களைப் பிரதியிட்டு விடை காண்கின்றனர், புள்ளி பெறுகின்றனர். அமுக்கத்தின் வரைவிலக்கணத்தைப் பிழையற ஒப்புவிக்கும் மாணவன், தன் வாழ்நாளில் ஓர் அமுக்கமானியைக் கையில் எடுத்திருப்பதில்லை. சூத்திரம் எவ்விடத்தில் செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்பதே அறிவின் உயிர்நிலை. மாக் எண் 3 உள்ள ஓட்டத்துக்கு மெல்லோட்டச் சூத்திரத்தைப் பிரதியிட்டு அழகிய எழுத்தில் விடை எழுதுபவனை ஒத்தவரையே நாம் உருவாக்குகின்றோம்.

தோட்டப் பகுதிகளில் இக்குறை இரட்டிப்பாகின்றது. உயர்தர வகுப்பில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் இங்கே அரிது. இருக்கும் இடத்தும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவதும் போவதுமாக உள்ளனர். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகளும் தமக்கு விருப்பமான துறையை அன்றி, ஆசிரியர் உள்ள துறையையே தெரிந்துகொள்ள நேர்கின்றது. முன்னர்க் கூறிய வினாவைக் கேட்ட மாணவிக்கும் இவ்விடர் காத்திருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒலிவிஞ்சிய காற்று எதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம். அவ்வினாவை எழுப்ப அவளுக்கு ஆறும் குழாயும் போதுமாயிருந்தன. அதற்கு விடை காண்பதற்கு வேண்டிய வகுப்பறையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

பரீட்சையும் ஓர் ஆய்குழாயே. மாணவனுடைய அறிவோட்டத்தின் குறுக்கே அதனை நீட்டுகின்றோம். அச்சம் என்னும் அலை அதன் முன்னே எழுகின்றது. அவ்வலையைக் கடந்து வந்ததையே புள்ளி என்கின்றோம். அரையாண்டு கணித ஆசிரியரே இல்லாத பாடசாலைப் பிள்ளை பெறும் 50 புள்ளியும், எல்லா வசதியும் வாய்த்த பிள்ளை பெறும் 50 புள்ளியும் தாளில் ஒன்றே, பொருளில் ஒன்றல்ல. அதனாற் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. இரக்கத்தினாற் புள்ளி கூட்டவேண்டும் என்பதும் அன்று; அது மானியின் முள்ளைக் கையால் தள்ளுவதை ஒக்கும். ஒரு குழாய் போதாது என்பதே எம் கருத்து. புள்ளியைப் படிக்கும்போது, அப்பிள்ளை கற்ற சூழல் என்னும் நிலை அமுக்கத்தையும் உடன் படித்தல் வேண்டும். பாடசாலைகளின் தரத்தை நிரற்படுத்துவோர்க்கு இது முதற்கடன்.

சொற்களைப் பற்றியும் தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். நாம் கதி என்பதைத் தமிழ்நாட்டார் வேகம் என்பர். நாம் வேகம் என்பதை அவர் திசைவேகம் என்பர். கடல் கடந்து வரும் நூலைப் படிக்கும் எம் மாணவர் இதனால் இடர்ப்படுகின்றனர். எச்சொல் சிறந்தது என வாதிடுவதிற் பயனில்லை. சொல் சுட்டும் பொருளைக் கையாற் செய்து கண்டவன் எந்தச் சொல்லிலும் தடுமாறான். ஆதலின் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். தேக்க அமுக்கம் என்னும் சொல்லைக் குழாயில் நீர் உயர்வதைக் காட்டியே கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்பித்தால் தமிழும் வளரும், விஞ்ஞானமும் வேரூன்றும்.

பழைய மாணவப் பெருமக்களுக்கு எம் வேண்டுகோள் இது. விழாக்காலத்திற் கேடயங்களும், மண்டபங்களும், பெயர் பொறித்த கற்களும் வழங்குகின்றீர்கள், போற்றுகின்றோம். அவற்றோடு, தமிழிற் கற்பிக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கு ஒவ்வோர் அலுமாரி அளவுக்கேனும் அளக்கும் கருவிகளை வழங்குங்கள். தெளிந்த குழாயும், நிறநீரும், தராசும், வெப்பமானியும், பாரமானியும் பெருஞ்செலவு அல்ல. அதனினும் மேலாக, உம்மிற் பொறியியலாளரும் விமானத் துறையினரும் மருத்துவரும் தவணைக்கு ஒருநாளேனும் அப்பாடசாலைகளுக்கு வாருங்கள். உங்கள் தொழிலில் கருவி பொய் சொன்ன நாளொன்றையும், அதனை நீங்கள் எவ்வாறு கண்டுபிடித்தீர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். வெற்றிக் கதைகளினும் அது பயன்மிக்கது.

ஆசிரிய நண்பர்க்கும் ஒன்று. ஒவ்வோர் அளவையும் எழுதும்போது மூன்று வரிகளை மேலதிகமாக எழுதும் வழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குவோம். எக்கருவியால் அளந்தேன்? அக்கருவி பொருளை எவ்வாறு மாற்றியிருக்கும்? வேறொரு வழியில் அளந்தால் இதே விடை வருமா? இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை வானூர்தி ஓட்டினாலும், தோட்டத்திற் கணக்கெழுதினாலும், பாராளுமன்றத்திற் பேசினாலும், பொய்யெண்ணுக்கு எளிதில் அடிமையாகாது. எமது கல்லூரி அன்னையின் விழா இத்தகைய பிள்ளைகள் பலரை இந்நாட்டுக்கு அளிக்கும் முயற்சிக்குத் தொடக்கமாகுக.